சிறைக்குப் போகும் பொட்டலம்

"விடுதலை செய்!" என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட சுவரொட்டியை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். நடுவில் கறுப்பு வெள்ளையில் ஒரு முகம், அடியில் ஓர் அமைப்பின் பெயர். அதன் பின்னால் ஒரு முழு ஏற்பாடே இருக்கும். வழக்கு நிதிக்கு உண்டியல் குலுக்குவார்கள், உள்ளே இருப்பவருக்குக் கடிதம் எழுதுவார்கள், பொட்டலம் அனுப்புவார்கள், வீட்டாருக்குக் கொஞ்சம் பணம் கொடுப்பார்கள், ஆண்டுக்கு ஒரு நாள் கூட்டம் போடுவார்கள். டப்ளினிலிருந்து மாஸ்கோ வரை, பெர்லினிலிருந்து வாஷிங்டன் வரை ஏறக்குறைய இதே முறைதான். இது தானாக முளைத்த வழக்கம் அல்ல. ஓரிடத்தில் தொடங்கியதை அடுத்தவர் பார்த்து எழுதி, அவரைப் பார்த்து இன்னொருவர் எழுதி, இங்கே வந்து சேர்ந்திருக்கிறது.

அப்படிப் பார்த்து எழுதியவர்களில் தீவிர வலதுசாரிகள் அளவுக்குக் கருத்தாகச் செய்தவர்கள் குறைவு. கையில் அதிகாரம் இல்லாதவர்கள், சிறையில் நசுங்கும் தங்கள் ஆட்களைக் காப்பாற்றக் கண்டுபிடித்த கருவி இது. இனத்தின் பெயரால் கொலை செய்தவர்களைப் போற்றும் கருவியாக அது எப்படி மாறியது என்பதைத்தான் இங்கே தொடர்ந்து போய்ப் பார்க்கப்போகிறோம். வழியெல்லாம் ஒன்று திரும்பத் திரும்ப நடக்கும்: உள்ளே இருப்பவரின் பெயர் ஓங்க ஓங்க, அவர் கையால் இறந்தவரின் பெயர் மங்கிவிடும். ஆகவே இறந்தவர்களின் பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அயர்லாந்தில் தொடங்கலாம். பிரிட்டிஷ் ஆட்சியை ஆயுதத்தால் விரட்டப் புறப்பட்ட ஃபீனியன்கள் 1860களில் கூட்டம் கூட்டமாகச் சிறைக்குப் போனார்கள். அவர்களில் ஜெரமையா ஓ'டொனோவன் ராசா ஆயுள் தண்டனை பெற்று இங்கிலாந்துச் சிறைகளில் கிடந்தார். 1868இல் அவருடைய கைகளை முதுகுக்குப் பின்னால் விலங்கிட்டு 35 நாட்கள் வைத்திருந்தார்கள். செய்தி வெளியே கசிந்தது. அடுத்த ஆண்டு டப்ளினில் ஒரு பொதுமன்னிப்புச் சங்கம் உருவாகி, வழக்கறிஞர் ஐசக் பட் அதற்குத் தலைவரானார். ஊர் ஊராகத் திறந்தவெளிக் கூட்டங்கள் நடந்தன. 1869 நவம்பரில் டிப்பெரரி தொகுதியில் இடைத்தேர்தல் வந்தபோது, சிறைக்குள் இருந்த ராசாவையே வேட்பாளராக நிறுத்தி ஜெயிக்க வைத்தார்கள். தண்டனைக் கைதியின் தேர்தல் செல்லாது என்று நாடாளுமன்றம் அறிவித்தது. ஆனால் சிறைக் கொடுமை பற்றி விசாரிக்க அரசே ஒரு குழுவை அமைக்க வேண்டியதாயிற்று. 1871 ஜனவரியில், நாட்டைவிட்டுப் போய்விட வேண்டும் என்ற நிபந்தனையோடு ராசாவை விடுவித்தார்கள். கப்பலேறி நியூயார்க் போன அவர், 1880களில் இங்கிலாந்து நகரங்களில் டைனமைட் வைப்பதற்குப் பணம் திரட்டினார் என்பதையும் மறைக்கக் கூடாது. கருவியை முதலில் பிடித்த கைகளிலும் கறை இருந்தது. ஆனாலும் அவர்கள் சொன்ன கொடுமை உண்மையாக நடந்தது.

ரஷ்யாவில் இதே வேலைக்கு நிரந்தர அலுவலகமே வந்துவிட்டது. 1880களின் தொடக்கத்தில் 'மக்கள் விருப்பம்' என்ற புரட்சி அமைப்பு, ஜாரின் சிறைகளிலும் சைபீரியாவிலும் இருந்த தன் ஆட்களுக்காக ஒரு செஞ்சிலுவையை அமைத்துக்கொண்டது. போர்க்களத்தில் காயம்பட்டவர்களுக்கான பெயரைக் கடன் வாங்கியதில் யோசனை இருந்தது. சிறையும் ஒரு போர்க்களம்தான் என்று அந்தப் பெயரே சொல்லிவிடும். வெளிநாட்டில் நிதி திரட்டும் பொறுப்பு வேரா ஸாசுலிச்சிடமும் பியோத்தர் லாவ்ரோவிடமும் இருந்தது. புரட்சி வென்ற பிறகும் அந்த வேலைக்கு ஓய்வு கிடைக்கவில்லை. எழுத்தாளர் கோர்க்கியின் மனைவி எகத்தரீனா பெஷ்கோவா, மாஸ்கோவின் குஸ்னெட்ஸ்கி மோஸ்ட் தெருவில் அரசியல் கைதிகளுக்கான அலுவலகத்தை 1930களின் பிற்பகுதி வரை நடத்தினார். இம்முறை கைதிகளை உள்ளே தள்ளியது புதிய ஆட்சி. காணாமல் போன மகனைத் தேடி வந்த தாய்மார்களுக்கு, அவன் எந்த முகாமில் இருக்கிறான் என்று சொல்லக்கூடிய ஒரே வாசலாகப் பல சமயம் அதுதான் இருந்தது. இந்தப் பயணத்தில் நான் மனதாரக் கும்பிடும் ஆள் அவர்.

அதே மாஸ்கோவில் 1922இல் கம்யூனிஸ்ட் அகிலம் சர்வதேசச் செவ்வுதவி அமைப்பைத் தொடங்கியது. பிற நாட்டுச் சிறைகளில் இருக்கும் தோழர்களுக்குப் பணமும் வழக்கறிஞரும் கடிதமும் ஏற்பாடு செய்வது அதன் வேலை. பாரிஸ் கம்யூன் பிறந்த மார்ச் 18ஐ அரசியல் கைதிகளின் நாளாக்கினார்கள். 1924இல் ஜெர்மன் கிளை வந்தது. 1925இல் அமெரிக்கக் கிளை பிறந்து, சிறைவாசிகளுக்கு மாதம் 5 டாலர் அனுப்பியது. அவர்களை 'வர்க்கப் போர்க் கைதிகள்' என்று அழைத்தது. அறுபது ஆண்டுகள் கழித்து இந்தச் சொல்லை வேறொரு கூட்டம் எடுத்துக்கொண்டது. அந்த இடத்துக்குப் பிறகு வருவோம்.

வலதுசாரிகள் இந்தப் பாடத்தைப் படித்த பள்ளிக்கூடம், முதல் உலகப் போருக்குப் பிந்தைய வைமர் குடியரசுக் கால ஜெர்மனி. 1923 நவம்பரில் மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சியில் பவேரியப் போலீஸ்காரர்கள் நால்வர் இறந்தார்கள்: ஃபிரீட்ரிஷ் ஃபிங்க், நிக்கோலாஸ் ஹோல்வெக், மாக்ஸ் ஷோபர்த், ருடோல்ஃப் ஷ்ராவுட். விசாரணையில் ஹிட்லருக்குக் கிடைத்தது 5 ஆண்டு. அதுவும் கண்ணியமான எதிரிகளுக்கு என்று வைத்திருந்த 'கோட்டைக் காவல்'. லாண்ட்ஸ்பெர்க் சிறைக்கு அவரைப் பார்க்க 300க்கும் மேற்பட்டோர் வந்ததைச் சிறைப் பதிவேடுகள் காட்டுகின்றன. 1924 ஏப்ரலில் அவருடைய பிறந்தநாளுக்குப் பூவும் பலகாரமும் பரிசும் வந்து குவிந்தன. இசைமேதை வாக்னரின் மருமகள் வின்ஃப்ரெட் அனுப்பிய பொட்டலங்களில் எழுதுதாள் இருந்தது. அந்தச் சிறையில் உருவான நூலால் என்ன ஆயிற்று என்று உலகம் அறியும். அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி அவர் வெளியே வந்துவிட்டார். பின்னாளில் ஆட்சியைப் பிடித்ததும், அன்று இறந்த தன் ஆட்கள் பதினாறு பேருக்கு மியூனிக்கில் கோயில் போன்ற மண்டபங்கள் கட்டி ஆண்டுதோறும் விழா எடுத்தார். போலீஸ்காரர்கள் நால்வருக்கு அந்த நகரில் ஒரு நினைவுப் பலகை வரப் பல பத்தாண்டுகள் ஆயின.

லாண்ட்ஸ்பெர்க்கை எல்லோரும் சொல்வார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1923 மே மாதம் பார்ஷிம் என்ற சிற்றூருக்கு அருகில் நடந்த கொலை. வால்ட்டர் காடோவ் என்ற இளம் ஆசிரியரை, துரோகி என்று சந்தேகப்பட்டு வலதுசாரிக் கூலிப்படைக்காரர்கள் அடித்துக் கொன்றார்கள். கொன்றவர்களில் ஒருவர் ருடோல்ஃப் ஹோஸ், அவருக்குப் பத்தாண்டுச் சிறை. உடந்தையாக இருந்த மார்ட்டின் போர்மானுக்கு ஓராண்டு. 1928இல் ஒரு பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. இடதுசாரிகள் தங்கள் கைதிகளுக்காகவும் வலதுசாரிகள் தங்கள் கைதிகளுக்காகவும் கேட்டு வாங்கிய சட்டம் அது. பரம எதிரிகள் இருவரும் ஒரே கதவைச் சேர்ந்து தள்ளினார்கள். ஹோஸ் வெளியே வந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அவர் ஆஷ்விட்ஸ் முகாமின் தலைவர். போர்மானோ, வெளியே வந்த பிறகு, நாஜிக் கட்சியில் அடிபட்ட தொண்டர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் பணம் கொடுக்கும் உதவி நிதியை நடத்தும் பொறுப்பை ஏற்றார். தெருச்சண்டைக்குப் போகிறவனுக்குப் பின்னால் குடும்பத்தைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்ற உறுதியை விலை கொடுத்து வாங்கிய நிதி அது.

அந்த உறுதியின் உச்சம் பொட்டெம்பா. 1932 ஆகஸ்ட் 10ஆம் தேதி அதிகாலை, மேல் சிலேசியாவின் அந்தக் கிராமத்தில் நாஜிக் கட்சியின் எஸ்.ஏ. படையினர் ஒரு வீட்டுக்குள் புகுந்தார்கள். கோன்ராட் பியெட்ஸுக் என்ற கம்யூனிஸ்ட் கூலித்தொழிலாளியைப் பெற்ற தாயின் கண்முன்னே மிதித்துக் கொன்றார்கள். அரசியல் கொலைக்கு மரண தண்டனை என்ற அவசரச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது. பாய்ட்டன் நகரச் சிறப்பு நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. அப்போது நாட்டிலேயே பெரிய கட்சியின் தலைவராக இருந்த ஹிட்லர், அந்த ஐவருக்கும் தந்தி அடித்தார். தீர்ப்பைக் கொடூரம் என்றும், அவர்களின் விடுதலை தன் இயக்கத்தின் மானப் பிரச்சினை என்றும் அதில் சொன்னார். அரசு பயந்து, தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. 1933 ஜனவரியில் ஹிட்லரின் ஆட்சியே வந்துவிட்டது. மார்ச்சில், 'தேசிய எழுச்சிக்கான போராட்டத்தில்' செய்த குற்றங்களுக்கு மன்னிப்பு என்ற அவசர ஆணையின் கீழ் ஐவரும் வீடு திரும்பினார்கள். அயர்லாந்துக்காரர்கள் சிறையில் நடந்த கொடுமையைச் சொல்லி ஊரைக் கூட்டினார்கள். பொட்டெம்பாவில் நாஜிகள், செய்த கொலையையே தகுதியாகக் காட்டினார்கள். கருவி கைமாறிய இடம் என்று நான் இதைத்தான் குறிப்பேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் லாண்ட்ஸ்பெர்க் சிறை மறுபடி கதைக்குள் வருகிறது. அமெரிக்கர்கள் அதையே போர்க்குற்றவாளிகளின் சிறையாக்கியிருந்தார்கள். தூக்கு விதிக்கப்பட்டவர்களில் ஓட்டோ ஓலெண்டார்ஃபும் ஒருவர். தன் படை ஏறத்தாழ 90,000 பேரைக் கொன்றது என்று நியூரெம்பெர்க்கில் தானே ஒப்புக்கொண்டவர். 1951 ஜனவரியில் லாண்ட்ஸ்பெர்க் நகரச் சதுக்கத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு, தூக்கு வேண்டாம் என்றார்கள். முகாம்களில் தப்பிப் பிழைத்த யூதர்கள் சிலரும் அங்கே வந்து எதிர்க்குரல் கொடுத்தார்கள். அந்த மாதமே அமெரிக்க உயர் ஆணையர் ஜான் மெக்ளாய் பலரின் தண்டனையைக் குறைத்தார். ஓலெண்டார்ஃப் உட்பட எழுவர் மட்டும் ஜூனில் தூக்கில் ஏறினார்கள். கடைசிக் கைதிகள் 1958இல் வெளியே போனார்கள்.

இதற்கு நடுவே, 1951இல், 'போர்க்கைதிகளுக்கும் தடுப்புக்காவலில் உள்ளோருக்குமான அமைதியான உதவி' என்ற சங்கம் பதிவானது. முதல் தலைவி இளவரசி ஹெலேன எலிசபெத் ஃபொன் இசென்பர்க். பெயரைக் கவனித்துப் பாருங்கள். சோவியத் முகாம்களில் பல ஆயிரம் ஜெர்மன் சிப்பாய்கள் இன்னும் திரும்பி வராமல் இருந்த காலம் அது. மகன் வருவானா என்று காத்திருக்கும் தாயும், படுகொலைப் படைத்தலைவரின் மனைவியும் ஒரே குடையின் கீழ் வந்துவிட்டார்கள். கிறிஸ்துமஸுக்குப் பொட்டலமும், வழக்கறிஞர் செலவும், கருணை மனுவும் அன்பின் பெயரால் போயின. அந்தத் தாயின் கண்ணீர் உண்மையானது. அதைக் கடன் வாங்கியவர்களின் கணக்கு வேறு. பிற்காலத்தில் இந்தச் சங்கத்தின் முகமாக அறியப்பட்டவர் நாஜி எஸ்.எஸ். படைத்தலைவர் ஹிம்லரின் மகள் குட்ரூன் பூர்விட்ஸ். 2018இல் இறக்கும் வரை அப்பாவின் ஆட்களைக் கைவிடவில்லை. தெரேசியன்ஸ்டாட் சிறையில் கைதிகளைக் கொன்ற அன்டோன் மல்லோத்துக்கு முதுமையில் ஆதரவாக இருந்தவர்களில் அவரும் ஒருவர். மல்லோத்துக்கு 2001இல்தான் ஆயுள் தண்டனை கிடைத்தது.

1966க்குப் பிறகு பெர்லினின் ஸ்பான்டாவ் சிறையில் ஒரே கைதிதான் மிச்சம்: ருடோல்ஃப் ஹெஸ். 1935ஆம் ஆண்டின் நியூரெம்பெர்க் இனச் சட்டங்களில் கையெழுத்திட்டவர், ஹிட்லரின் துணைத் தலைவர். ஒரு கிழவருக்காக நான்கு வல்லரசுகள் முறைவைத்துக் காவல் காப்பது தேவையா என்று நாஜிகளோடு எந்த ஒட்டும் இல்லாத நல்ல மனிதர்கள் பலரும் கேட்டார்கள். ஹெஸ்ஸின் மகன் 1967இல் தொடங்கிய விடுதலைக் குழுவின் மனுவில் அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். 1987இல் ஹெஸ் தன்னையே மாய்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டிலிருந்தே, அவரைப் புதைத்த வுன்சீடெல் என்ற பவேரியச் சிற்றூரை நோக்கி நவ நாஜிகள் ஊர்வலமாக வரத் தொடங்கினார்கள். 2004இல் ஆயிரக்கணக்கானோர் வந்தார்கள். 2005இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி, நாஜி ஆட்சியைப் புகழ்ந்து கூட்டம் போடுவதைக் குற்றமாக்கியது. 2009இல் அரசமைப்பு நீதிமன்றம் அது செல்லும் என்றது. 2011இல் கல்லறையையே எடுத்துவிட்டு, எலும்புகளை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தார்கள்.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு கிளை வளர்ந்தது. 1983இல் வாஷிங்டன் மாநிலத்தில் ராபர்ட் மாத்யூஸ் தொடங்கிய 'தி ஆர்டர்' என்ற வெள்ளை இனவெறிக் குழு, கலிஃபோர்னியாவில் பணவண்டியை மறித்து 36 லட்சம் டாலர் கொள்ளையடித்தது. 1984 ஜூன் 18ஆம் தேதி டென்வரில் ஆலன் பெர்க்கைச் சுட்டுக் கொன்றது. பெர்க் யூதர், வானொலியில் இனவெறியர்களோடு வாயாடி மடக்கும் அறிவிப்பாளர். தன் வீட்டு வாசலிலேயே விழுந்தார். மாத்யூஸ் அந்த டிசம்பரில் போலீஸ் முற்றுகையில் இறந்தார். பிடிபட்டவர்கள் தங்களைக் குற்றவாளிகள் என்று சொல்லவில்லை, போர்க்கைதிகள் என்றார்கள். வர்க்கப் போர் இனப்போராக மாறியது, மற்றபடி பழைய இடதுசாரிப் பழக்கம் அப்படியே இருந்தது. அவர்களில் டேவிட் லேன் 190 ஆண்டு தண்டனையோடு உள்ளே போனார். சிறையிலிருந்து அவர் எழுதிய பதினான்கு சொல் வெள்ளை இனவெறி முழக்கத்தை வெளியே இருந்த மனைவியும் நண்பரும் பதிப்பகம் வைத்து அச்சிட்டுப் பரப்பினார்கள். உலகெங்கும் இனவெறியர்களின் தோளிலும் சட்டையிலும் நீங்கள் பார்க்கும் 14 என்ற எண் அப்படிப் பிறந்தது. லேன் 2007இல் சிறையிலேயே இறந்தார். எண் சாகவில்லை. 2019இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேரைக் கொன்றவனின் துப்பாக்கியில் அது எழுதப்பட்டிருந்தது. சிறைக்குப் போகும் பொட்டலம் ஒருவழிப் பயணம் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. உள்ளேயிருந்தும் ஒன்று வெளியே வருகிறது.

இந்த ஏற்பாட்டை மிகக் கச்சிதமாக நடத்தியவர்கள் ஜெர்மனியின் எச்.என்.ஜி. 'தேசிய அரசியல் கைதிகளுக்கும் உறவினர்க்குமான உதவி அமைப்பு' என்பது முழுப்பெயர், 1979இல் தொடங்கியது. சுமார் 600 உறுப்பினர்கள். ஒன்றோடொன்று சேராமல் சண்டையிட்டுக்கொண்டிருந்த நவ நாஜிக் குழுக்கள் எல்லாம் கூடிய அபூர்வமான இடம் அது. மாதம் ஒரு செய்தி இதழ். அதில் கடிதம் விரும்பும் கைதிகளின் பட்டியல், பெயரும் சிறை முகவரியும். உள்ளேயும் வெளியேயும் ஒரே போர்முனை என்பது அவர்கள் முழக்கம்.

பட்டியல் என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இருபது வயதுப் பையன் ஒருவன் குடிவெறியில் ஒரு வெளிநாட்டுத் தொழிலாளியை அடித்துப்போட்டு உள்ளே வருகிறான். சிறையின் முதல் சில மாதங்களில் கூட்டாளிகள் மறந்துபோவார்கள், காதலி விலகுவாள், வீட்டார் முகத்தைத் திருப்புவார்கள். செய்தது எதற்கு என்ற கேள்வி அவனுக்குள் எழுவதற்கு ஏற்ற நேரம் அதுதான். சரியாக அந்த நேரத்தில், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து கடிதம் வருகிறது. அன்புள்ள தோழனே, உன்னைப் பற்றிப் பெருமைப்படுகிறோம். பின்னாலேயே புத்தகம், பிறந்தநாள் வாழ்த்து, வெளியே வந்ததும் தங்க ஒரு அறை. கேள்வி எழும் முன்பே பதில் வந்துவிடுகிறது. கைதியை நல்வழிக்குத் திரும்பவிடாமல் இயக்கத்தோடு கட்டிப்போடுவதே அமைப்பின் நோக்கம் என்று சொல்லித்தான் 2011 செப்டம்பரில் ஜெர்மன் உள்துறை அமைச்சர் அதைத் தடை செய்தார். கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் தடையை உறுதி செய்தது.

தடைக்கு ஆறேழு வாரத்தில், என்.எஸ்.யூ. என்ற நவ நாஜிக் கொலைக்குழு வெளிச்சத்துக்கு வந்தது. 2000 முதல் 2007 வரை பத்துப் பேரைக் கொன்றிருந்தார்கள், முதலாமவர் நியூரெம்பெர்க்கில் பூ விற்ற என்வர் ஷிம்ஷெக். கொலைத் துப்பாக்கி கிடைக்க வழி செய்ததாகக் கைதான ரால்ஃப் வோல்லேபனுக்காக, செல்லப்பெயரைப் போட்டு 'வோல்லேக்கு விடுதலை' என்று சட்டையும் சுவரொட்டியும் வந்தன. அமைப்பைத் தடை செய்யலாம், பழக்கம் எளிதில் போவதில்லை. ஹெஸ்ஸன் மாநிலச் சிறையொன்றில் ஒரு கைதி, பைக் பத்திரிகையில் சாதாரண விளம்பரம்போலக் கொடுத்து, சிறைகளுக்கிடையே புதிய வலை பின்ன முயன்றது 2013இல் தெரியவந்தது.

இனி ஒரு போலந்துக்காரரின் கதை. யானுஷ் வாலுஷ் 1980களில் தென்னாப்பிரிக்காவுக்குக் குடியேறியவர். 1993 ஏப்ரல் 10, ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமை. நிறவெறி ஆட்சி முடிந்து தேர்தல் வரவிருந்த வேளையில், கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கிறிஸ் ஹானியை அவருடைய வீட்டு வாசலில் வாலுஷ் சுட்டுக் கொன்றார். காரின் எண்ணைக் குறித்து உடனே போலீஸுக்குச் சொன்னவர் பக்கத்தில் வசித்த ஒரு வெள்ளைக்கார ஆப்பிரிக்கானர் பெண். அன்றிரவு தொலைக்காட்சியில் மண்டேலா அதைச் சொல்லித்தான் கொந்தளித்த நாட்டை அமைதிப்படுத்தினார். வாலுஷுக்கு விதித்த மரண தண்டனை பிறகு ஆயுளானது. கதை அங்கே முடிந்திருக்கலாம். ஆனால் போலந்துக் கால்பந்து மைதானங்களில், வாலுஷ் உள்ளே போனபோது பிறந்தே இராத பையன்கள், அவருடைய முகம் போட்ட மஃப்ளரைக் கழுத்தில் சுற்றி நின்றார்கள். பிரிட்டோரியா சிறைக்குக் கடிதங்கள் போயின. கம்யூனிச ஆட்சியின் கசப்பு போலந்துக்கு உண்மையிலேயே உண்டு, அதற்கும் ஹானிக்கும் என்ன சம்பந்தம் என்று அந்தப் பையன்கள் கேட்கவில்லை. 2022இல் தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் வாலுஷுக்குப் பரோல் கொடுத்தபோது ஹானியின் மனைவி லிம்போ கொதித்துப் போனார். 2024 டிசம்பரில் வாலுஷ் வார்சாவில் இறங்கினார். அவரை வரவேற்க ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினர் கிரெகோஷ் பிரவுன் விமான நிலையத்தில் நின்றார்.

ரஷ்யாவிலும் 2009 முதல் ஜூலை 25ஐ வலதுசாரி அரசியல் கைதிகளின் நாள் என்று கொண்டாடினார்கள், மார்ச் 18இன் நகல். வழக்கறிஞர் ஸ்டானிஸ்லாவ் மர்கெலோவையும் பத்திரிகையாளர் அனஸ்தாசியா பாபுரோவாவையும் மாஸ்கோ தெருவில் சுட்டவர்களுக்கு, 'மனித உரிமை மையம்' என்று தன்னை அழைத்துக்கொண்ட ஒரு அமைப்பு உதவியது. பெஷ்கோவாவின் ஊரில் இப்படி ஒரு மையம் என்பது எனக்கு வலிக்கிறது.

கிரீஸில் ராசாவின் தேர்தல் உத்தி திரும்பி வந்தது. ராப் பாடகர் பாவ்லோஸ் ஃபிஸ்ஸாஸை 2013இல் கொன்ற 'தங்க விடியல்' கட்சி ஒரு குற்றக் கும்பல் என்று 2020 அக்டோபரில் ஏதென்ஸ் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் முன்னாள் பேச்சாளர் இலியாஸ் கசிதியாரிஸ் தீர்ப்புக்கு முன்பே புதுக்கட்சி கண்டிருந்தார், அதைச் சிறையிலிருந்தபடியே நடத்தினார். அது தடைபட்டபோது, யாரும் கேள்விப்படாத 'ஸ்பார்ட்டன்கள்' என்ற கட்சிக்கு உள்ளிருந்தே ஆதரவு அறிவித்தார். 2023 ஜூனில் அந்தக் கட்சி 12 இடங்களை வென்றது.

நார்வேயில் 77 பேரைக் கொன்ற பிரெய்விக்குக்கு ஆயிரக்கணக்கில் கடிதப் போக்குவரத்து. தொடர்பு வலையை வளர்க்கிறார் என்று சிறை அவற்றை வடிகட்ட, அவர் அரசின் மேல் வழக்குப் போட்டார். கிறைஸ்ட்சர்ச் கொலையாளி 2019 ஆகஸ்டில் சிறையிலிருந்து எழுதிய ஆறு பக்கக் கடிதம் ரஷ்யாவில் ஒருவருக்குப் போய் இணையத்தில் பரவியபோது, அதை அனுப்ப விட்டது தவறு என்று நியூசிலாந்து அமைச்சரே ஒப்புக்கொண்டார். விதிகளும் இறுகின. இணையத்தில் இப்போது சங்கமும் பதிவும் சந்தாவும் தேவைப்படுவதில்லை. கொலையாளிகளைப் 'புனிதர்கள்' என்று அழைத்து, எத்தனை பேரைக் கொன்றார் என்ற எண்ணிக்கையை வைத்துப் படம் போடுகிறார்கள். பழைய காலத்துப் பொட்டலத்தில் கைதிக்கென்று ஒரு கம்பளிச் சட்டையாவது இருந்தது. இதில் கைதிக்குக்கூட எதுவும் போய்ச் சேர்வதில்லை, அடுத்த கொலைக்கு ஆள் தேடும் வேலை மட்டும் நடக்கிறது.

நகலெடுக்கும் கலை ஒரு பக்கத்துக்கு மட்டும் சொந்தமில்லை. நாஜி இயக்கத்தை விட்டு வெளியேற விரும்புவோருக்கு உதவும் 'எக்ஸிட்' என்ற ஜெர்மன் அமைப்பு 2000இல் தொடங்கியது. முன்னாள் போலீஸ் அதிகாரி பெர்ன்ட் வாக்னரும், நவ நாஜித் தலைவராக இருந்து மனம் மாறிய இங்கோ ஹாசல்பாக்கும் தொடங்கியவர்கள். 2011இல் கேரா நகரில் நடந்த வலதுசாரி இசைவிழாவுக்கு யாரோ ஆதரவாளர் கொடுத்ததுபோல மண்டையோடு போட்ட 250 சட்டைகள் வந்தன. வீட்டுக்குப் போய்த் துவைத்ததும் மண்டையோடு அழிந்து, அடியில் வேறு எழுத்து தெரிந்தது. சட்டையால் முடிந்தது உன்னாலும் முடியும், வெளியே வர உதவுகிறோம் என்று எக்ஸிட்டின் எண்ணோடு. 2014 நவம்பரில் வுன்சீடெல் ஊர்க்காரர்கள் இன்னொன்று செய்தார்கள். நவ நாஜிகள் நடக்கும் ஒவ்வொரு மீட்டருக்கும் 10 யூரோ என்று வணிகர்களும் குடும்பங்களும் நன்கொடை அறிவித்து, தெருவில் தூரத்தைக் கோடுபோட்டு எழுதி, ஊர்வலத்தையே நிதி திரட்டும் நடையாக்கிவிட்டார்கள். 10,000 யூரோ சேர்ந்தது. அத்தனையும் எக்ஸிட்டுக்கு. சிறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் அந்த இருபது வயதுப் பையனுக்கு முதல் கடிதம் யாரிடமிருந்து போகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வுன்சீடெல் மக்கள் அதற்குத் தபால் செலவு கொடுத்தார்கள்.

இந்தப் பயணத்தின் மிகப் பெரிய நிறுத்தம் வாஷிங்டன். 2021 ஜனவரி 6ஆம் தேதி நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவாளர்களின் கூட்டம் புகுந்ததில் சுமார் 140 போலீஸார் காயமடைந்தார்கள். கைதானவர்களில் வேடிக்கை பார்க்க உள்ளே நுழைந்தவர்களும் உண்டு, கம்பியால் போலீஸை அடித்தவர்களும் உண்டு. 'ப்ரௌட் பாய்ஸ்' தலைவர் என்ரிக்கே டாரியோவுக்கு 22 ஆண்டும், 'ஓத் கீப்பர்ஸ்' தலைவர் ஸ்டுவர்ட் ரோட்ஸுக்கு 18 ஆண்டும் தேசத்துரோகச் சதிக்காகக் கிடைத்தன. ஆதரவு இயக்கம் இந்த எல்லோரையும் ஒன்றாகக் கலந்தது. முதலில் அரசியல் கைதிகள் என்றார்கள், பிறகு பணயக்கைதிகள். இணையத்தில் லட்சக்கணக்கான டாலர் சேர்ந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து வாஷிங்டன் சிறை வாசலில் இரவுதோறும் கூடி, உள்ளே இருப்பவர்களோடு தேசிய கீதம் பாடினார்கள். உள்ளேயிருந்து சிறைத் தொலைபேசி வழியாகப் பதிவு செய்த பாட்டோடு டிரம்ப்பின் குரலைச் சேர்த்து 2023 மார்ச்சில் ஒரு பாடல் வெளியாகி விற்பனைப் பட்டியலில் முதலிடம் போனது. அந்த மாதமே டெக்சஸின் வேக்கோ நகரில் நடந்த தேர்தல் கூட்டத்தில் அதை ஒலிக்கவிட்டு, நெஞ்சில் கைவைத்து நின்றார் டிரம்ப். ஒன்றரை நூற்றாண்டுப் பயணத்தில் இந்த ஏற்பாட்டின் எல்லா உறுப்பும் ஒரே இடத்தில் சேர்ந்தது அங்கேதான். 2025 ஜனவரி 20, டிரம்ப் மறுபடி அதிபராகப் பதவியேற்ற நாளிலேயே ஏறத்தாழ 1,500 பேருக்கு மன்னிப்பு, 14 பேருக்குத் தண்டனைக் குறைப்பு. டாரியோவும் ரோட்ஸும் வெளியே வந்தார்கள்.

மன்னிப்பு வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஐடாஹோ மாநிலத்தைச் சேர்ந்த எழுபது வயது தாண்டிய பெண். குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 நாள் சிறையில் இருந்துவிட்டு வந்தவர். ஒரு காலத்தில் அந்த இயக்கமே அவரைப் பாட்டி என்று செல்லமாகக் கொண்டாடியது. அன்று செய்தது தவறு என்றும், மன்னிப்பை ஏற்றால் கட்டடத்தைக் காத்த போலீஸாரையும் சட்டத்தையும் அவமதித்ததாகும் என்றும் அவர் வெளிப்படையாகச் சொன்னார். தனக்கு மன்னிப்பு தேவையில்லை என்று எழுத்திலும் கொடுத்தார்.